ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(ஓடுவோர்க்கு ஏற்ற குறைந்த விலை ஜி.பி.எஸ். கடிகாரம் – ஓர் ஆய்வுக் கட்டுரை)

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அரசலாற்றங்கரையில் வளரும் நமக்கு ஆறும் புதிதன்று, அளவும் புதிதன்று. நெல்லை மரக்காலால் அளந்தார்கள் நம் தாத்தாக்கள். பூவை இன்றும் முழம் போட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால் ஓடுகின்ற கால்கள் கடந்த தூரத்தை எதைக் கொண்டு அளப்பது?

நம் பள்ளி ஓட்டக் குழுவில் நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுவதும், மாலையில் பள்ளித் திடலில் ஓடுவதும் எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு எங்களுக்கு நேர்ந்த ஓர் ஏமாற்றம் இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதிலிருந்து கற்றவற்றை அன்புத் தோழியருக்கும், பிள்ளைகளுக்குப் பொருள் வாங்கித் தரும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே எங்கள் நோக்கம்.

கடலுக்குப் போய் வந்த கடிகாரம்

எங்களுள் ஒருத்தி கடலோரக் கிராமத்தைச் சேர்ந்தவள். அவள் அம்மா மீன் கூடை சுமந்து தெருத் தெருவாக விற்பவர். மகள் 3000 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ளப் போகிறாள் என்று கேட்டதும், சீட்டுப் பணத்தில் 1,799 ரூபாய் எடுத்து அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். அட்டைப் பெட்டியின் மேல் 'ஜி.பி.எஸ்.' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

அவள் தினமும் கடற்கரை மணலில் ஓடினாள். கடிகாரம் 3 கிலோமீட்டர் என்று காட்டும்போது நேரத்தைக் குறித்துக்கொள்வாள். 12 நிமிடம் 20 நொடி வந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே மகிழ்ச்சி. அந்த நேரத்தில் ஓடினால் பரிசு நிச்சயம் என்று நாங்களே அவளிடம் சொன்னோம். போட்டி நாளும் வந்தது. திடலில் அவள் எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிடம் 10 நொடி. முன்னே ஓடியவர்கள் ஒரு சுற்று அதிகமாகவே அவளைக் கடந்து போனார்கள். அன்று மாலை அவள் யாரோடும் பேசவில்லை. தனக்கு உடம்பு சரியில்லை போலும், அல்லது மனத்தில் துணிவில்லை போலும் என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் அவளுடைய சித்தப்பா. அவர் விசைப்படகில் தொழில் செய்பவர். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். கருவி வைத்திருப்பதை நம்மில் பலர் அறிவோம். வலை விட்ட இடத்தைக் குறித்து வைக்கவும், கடல் எல்லையைத் தாண்டாமல் இருக்கவும், திரும்பிவரும் வழியை அறியவும் அதுவே துணை. அவர் அந்தக் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதை ஒரு நாளைக்குக் குடு. கடலுக்குக் கொண்டுபோய்ப் பாக்குறேன்" என்று வாங்கிப் போனார்.

மறுநாள் திரும்பி வந்தவர் சிரித்தார். "படகு பத்துக் கடல்மைல் போயிருக்கு. உன் கடிகாரம் முந்நூறு அடி நடந்ததா சொல்லுது. நான் தளத்துல அங்கயும் இங்கயும் நடந்ததைத்தான் எண்ணியிருக்கு. இதுக்குள்ள ஜி.பி.எஸ். இல்ல பாப்பா."

ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். அதாவது பதினெட்டரை கிலோமீட்டர் பயணத்தை அந்தக் கடிகாரம் உணரவே இல்லை. அவள் அம்மா கேட்டார், "ஏம் பாப்பா, கடிகாரம்கூடப் பொய் சொல்லுமா?" அந்தக் கேள்விக்கு எங்களில் எவருக்கும் அன்று விடை தெரியவில்லை. விடையைத் தேடத் தொடங்கினோம்.

இரண்டு வகைக் கடிகாரங்கள்

மலிவான பல கடிகாரங்களுக்குள் அசைவை உணரும் சிறு கருவி ஒன்று மட்டுமே இருக்கிறது. கை வீசுவதைக் கொண்டு காலடிகளை எண்ணி, ஓர் அடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று ஓர் உத்தேசக் கணக்கால் பெருக்கித் தூரத்தைக் காட்டும். தார்ச் சாலையில் இக்கணக்கு ஓரளவு பொருந்தும். மணலில் கால் புதைவதால் எட்டின் நீளம் குறைகிறது. கடிகாரமோ பழைய நீளத்தையே வைத்துப் பெருக்குகிறது. எனவே ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டுகிறது. எங்கள் தோழி மணலில் ஓடிய '3 கிலோமீட்டர்' உண்மையில் 2,600 மீட்டர் அளவே இருந்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டோம். அவளிடம் குறையில்லை. அளவுகோலில்தான் குறை.

அப்படியானால் பெட்டியின் மேல் 'ஜி.பி.எஸ்.' என்று எப்படி எழுதலாம்? இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 'கனெக்டட் ஜி.பி.எஸ்.' என்பது ஒரு வகை. அதாவது கடிகாரம் தானாக இடத்தை அறியாது. அருகிலுள்ள கைப்பேசி அறிந்து சொல்வதைப் புளூடூத் வழியாகக் கேட்டுக் காட்டும். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் அது வெறும் அடி எண்ணும் கருவிதான். 'பில்ட்-இன் ஜி.பி.எஸ்.' என்பது மற்றொரு வகை. இதில் செயற்கைக்கோள் சைகையை வாங்கும் அலைவாங்கி கடிகாரத்துக்குள்ளேயே இருக்கும். மாணவியராகிய நாம் கைப்பேசி இன்றி ஓடுகிறவர்கள். ஆகவே நமக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகையே. கடைக்காரரிடம் "ஜி.பி.எஸ். இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "கைப்பேசி இல்லாமல் ஓடினால் ஓடிய பாதையின் வரைபடம் வருமா?" என்று கேளுங்கள்.

கோபுரத்திலிருந்து வானத்துக்கு

இடத்தை அளக்கும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, மாபெரும் நில அளவையைத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம் அல்லவா? அவ்வாறு முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டை அளந்து சென்றார். காவிரிச் சமவெளிக்கு வந்தபோது இடர் உண்டாயிற்று. இங்கே மலைகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. கோயில் கோபுரங்களே உயரமான இடங்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல், அரை டன் எடையுள்ள கோணம் அளக்கும் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமடைந்தது. அவர் சோர்ந்துவிடாமல் பல வாரம் உழைத்து அதைச் செப்பனிட்டார்.

லாம்டனுக்குக் கோபுரங்கள் எப்படியோ, அப்படியே நம் கடிகாரத்துக்குச் செயற்கைக்கோள்கள். ஜி.பி.எஸ். அமெரிக்க நாட்டினுடையது. அதன் முதல் கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது. கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளுக்கு இருமுறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று அது இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சைகை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று நம் கடிகாரம் கணக்கிடுகிறது. லாம்டன் கோணங்களை அளந்தார். இது தொலைவுகளை அளக்கிறது. மூன்று கோள்களின் தொலைவால் இடம் தெரியும். நம் கையிலுள்ள எளிய கடிகாரத்தின் நேரப் பிழையைத் திருத்த நான்காவது கோள் ஒன்றும் வேண்டும்.

நேரம் பத்து லட்சத்தில் ஒரு நொடி தவறினாலும் தொலைவு 300 மீட்டர் தவறிவிடும்! கோளின் கடிகாரம் பூமியிலுள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்தும் என்று ஐன்ஸ்டைனின் கொள்கை கூறுகிறது. அதையும் கணக்கில் கொண்டே கோள்களை அமைத்திருக்கிறார்கள்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சைகையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழைபடுத்தி வைத்திருந்தது. அத்தடை நீங்கிய பின்னரே இக்கருவி எளியோர்க்கும் பயன்படலாயிற்று. 2003-இல் கார்மின் நிறுவனம் 'ஃபோர்ரன்னர்' என்னும் ஓடுவோர்க்கான கைக்கடிகாரத்தை வெளியிட்டது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியனவும் உள்ளன. நம் இந்தியாவும் 'நாவிக்' அமைப்பின் முதல் கோளை 2013 ஜூலை 1-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. பல நாட்டுக் கோள்களையும் கேட்கும் கடிகாரம் விரைவாக இடத்தை அறியும்.

படகுச் சித்தப்பா சொன்ன ஓர் அறிவுரை இங்கே பொருந்தும். "கருவி வானத்தைப் பாக்கணும். கொஞ்சம் பொறுத்துத்தான் பாதை சொல்லும்." ஓடுமுன் திறந்த வெளியில் நின்று, கடிகாரம் கோள்களைப் பிடித்துவிட்டதாகக் காட்டிய பிறகே ஓடத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் நூறு இருநூறு மீட்டர் கணக்கில் வராமலே போகலாம்.

நமக்கு இது தேவைதானா?

விலையைக் கேட்குமுன் இக்கேள்வியைக் கேட்க வேண்டும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் முடித்து, நொடியில் நூற்றில் ஒரு பங்கால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். விரைவோட்டத்தில் தூரம் முன்னரே அளந்து கோடு போடப்பட்டது. அங்கே அளக்க வேண்டியது நேரத்தை மட்டுமே. ஆகவே 100, 200, 400 மீட்டர் ஓடும் தோழியர்க்கு ஜி.பி.எஸ். கடிகாரம் தேவையில்லை. நல்ல நிறுத்துக்கடிகாரம் ஒன்று போதும்.

திடலிலேயே சுற்றிச் சுற்றி ஓடுபவர்க்கும் இது பெரிதாகப் பயன்படாது. கடிகாரம் புள்ளி புள்ளியாக இடத்தைக் குறித்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. நம் பள்ளித் திடல் போன்ற 200 மீட்டர் சிறு சுற்றில் வளைவுகள் அதிகம். வளைவை நேர்கோடாக வெட்டினால் தூரம் குறையும். புள்ளி சற்று விலகினால் தூரம் கூடும். அங்கே சுண்ணாம்புக் கோடே சரியான சாட்சி.

வீட்டில் கைப்பேசி இருந்து, அண்ணனோ அப்பாவோ மிதிவண்டியில் துணை வருவதாக இருந்தால், அந்தக் கைப்பேசியே ஜி.பி.எஸ். கருவியாகும். செலவு ஒன்றுமில்லை. இவை எதுவும் இயலாமல், நீண்ட தூரம் சாலையிலும் மணலிலும் ஓடுபவர்க்கே கடிகாரம் வேண்டும்.

காரைக்காலுக்கு வேண்டியதும் வேண்டாததும்

விளம்பரங்களில் ஒரு கடிகாரத்துக்கு ஐம்பது சிறப்புகள் சொல்கிறார்கள். ஒவ்வொரு சிறப்புக்கும் விலை உண்டு. நாங்கள் அவற்றை நம் ஊர் மண்ணின்மேல் வைத்துப் பார்த்தோம்.

வேண்டாதவை:

1. உயரம் அளக்கும் காற்றழுத்தமானி. மலைப்பாதையில் ஓடுபவர்க்கு இது தேவை. காரைக்காலில் நாம் ஏறுவதெல்லாம் ஆற்றுப் பாலம்தான்!

2. இரட்டை அலைவரிசை. உயர்ந்த கட்டடங்களில் சைகை மோதித் திரும்பிவந்து கடிகாரத்தைக் குழப்பும். அதைத் தீர்க்கவே இரண்டு அலைவரிசைகளைக் கேட்கிறார்கள். மாநகரங்களுக்கு இது பெருநன்மை. நம் கடற்கரையிலோ வானம் முழுவதும் திறந்து கிடக்கிறது. ஒற்றை அலைவரிசையே போதும்.

3. வழிகாட்டும் வரைபடம், பாட்டு, பணம் செலுத்தும் வசதி. நாம் ஓடும் தெருக்கள் நமக்குத் தெரிந்தவை. மற்றவை ஓட்டத்துக்கு உதவா.

வேண்டியவை:

1. உள்ளேயே அமைந்த அலைவாங்கி. இது இல்லையெனில் மற்றெதையும் பார்க்க வேண்டாம்.

2. நொடிக்கு ஒருமுறை இடத்தைக் குறிக்கும் வசதி. சில கடிகாரங்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சில நொடிகளுக்கு ஒருமுறையே குறிக்கும். அப்போது வளைவுகளெல்லாம் வெட்டுப்படும்.

3. நீர்த் தாங்கும் திறன். வியர்வையும் உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையும் நமக்கு உண்டு. '5 ஏ.டி.எம்.' என்றால் அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். ஐம்பது மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்பது பொருளன்று. ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் நீண்ட நாள் உழைக்கும்.

4. வெயிலில் தெரியும் முகப்பு. கடையின் குழல்விளக்கில் எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்க்க வேண்டும்.

5. அழுத்தும் பொத்தான். வியர்த்த விரலால் தொடுதிரையைத் தொட்டால் சில வேளை கேட்பதில்லை. ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் பொத்தான் இருப்பது நலம்.

6. ஜி.பி.எஸ். இயங்கும்போது மின்கலம் நிற்கும் நேரம். 'பத்து நாள் உழைக்கும்' என்பது வெறுமனே மணி பார்க்கும்போது. ஜி.பி.எஸ். போட்டால் எத்தனை மணி நேரம் என்று தனியே கேட்க வேண்டும்.

கடிகாரத்தின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கைப் பற்றியும் ஒரு சொல். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். அதன் ஏற்றத்தாழ்வைக் கொண்டு நாடித் துடிப்பை எண்ணுகிறார்கள். பட்டை தளர்ந்தாலும் கை குலுங்கினாலும் எண்ணிக்கை தவறும். ஆகவே இதன் பொருட்டு அதிக விலை கொடுக்க வேண்டாம்.

மிதிவண்டியால் அளந்த பாதை

கடிகாரம் சரியா தவறா என்று எதைக் கொண்டு சோதிப்பது? சரியான தூரம் ஒன்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மாரத்தான் போட்டியின் 42.195 கிலோமீட்டரை எப்படி அளக்கிறார்கள் என்று எங்கள் உடற்கல்வி மிஸ் விளக்கினார்கள். இன்றும் அதை ஜி.பி.எஸ். கொண்டு அளப்பதில்லை. மிதிவண்டிச் சக்கரத்தின் சுழற்சியை எண்ணியே அளக்கிறார்கள்! முன்சக்கரத்தில் எண்ணும் கருவி ஒன்றைப் பூட்டி, அளந்து வைத்த நேர்கோட்டில் முதலில் ஓட்டிச் சரிபார்க்கிறார்கள். பிறகு பாதை முழுவதும் ஓட்டுகிறார்கள். தூரம் ஒருபோதும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைக்கிறார்கள்.

எங்களிடம் எண்ணும் கருவி இல்லை. சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, திடலில் நாடா வைத்துப் பத்துச் சுற்று உருட்டினோம். 20 மீட்டர் 90 சென்டிமீட்டர் வந்தது. அப்படியானால் ஒரு சுற்று 2.09 மீட்டர். 2,000 மீட்டருக்கு 957 சுற்று. காற்றும் ஆள் எடையும் மாறினால் சக்கரத்தின் அளவும் சிறிது மாறும் என்பதால், உருட்டும்போது வண்டியில் அமர்ந்த மாணவியே சாலையிலும் அமர்ந்தாள். இருபுறமும் இருவர் நடந்து தனித்தனியே எண்ணினார்கள். முதல் நாள் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. மறுநாள் நூறு சுற்றுக்கு ஒரு கூழாங்கல் வீதம் பையில் போட்டு எண்ணினோம். ஒத்துவந்தது. கடற்கரைச் சாலையில் 2,000 மீட்டருக்குத் தொடக்கமும் முடிவும் குறித்தோம். மணலில் 50 மீட்டர்க் கயிற்றை இருபது முறை மாற்றி மாற்றி வைத்து 1,000 மீட்டர் அளந்தோம்.

பிறகு தோழியின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடினோம். மணலில் 1,000 மீட்டரை அது 1,150 என்று காட்டியது. சாலையில் 2,000 மீட்டரை 2,060 என்றது. மிஸ்ஸின் தம்பியிடம் இரவல் வாங்கிய, அலைவாங்கி உள்ள கடிகாரமோ சாலையில் மூன்று முறையும் முறையே 1,980, 2,010, 1,990 என்று காட்டியது. மணலிலும் தார்ச் சாலையிலும் அதற்கு வேற்றுமை தெரியவில்லை. ஏனெனில் அது காலைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறது. நூற்றுக்கு ஒன்று தவறுவதை நாங்கள் பிழையாகக் கொள்ளவில்லை. ஆனால் அதையும் முழு உண்மை என்று கொண்டாடவில்லை.

தோழியரே, புதுக் கடிகாரம் வாங்கியவுடன், திருப்பித் தரும் நாள் கடக்குமுன், இச்சோதனையைச் செய்துவிடுங்கள். இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, கடிகாரத்தில் மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கி, நகரப் பேருந்திலோ பின் இருக்கையிலோ அசையாமல் உட்கார்ந்து போங்கள். தூரம் ஏறாவிட்டால், பாதை வரையாவிட்டால், உள்ளே அலைவாங்கி இல்லை. சித்தப்பா கடலில் செய்ததும் இதுதான்.

விலையும் பங்கும்

2,000 ரூபாய் அளவில் விற்பவை பெரும்பாலும் அடி எண்ணுபவை, அல்லது கைப்பேசியைச் சார்ந்தவை. அலைவாங்கி உள்ளவற்றுள் எளிய விலைக்கு ஓர் எடுத்துக்காட்டு 2023-இல் வந்த அமேஸ்ஃபிட் பிப் 5. அது இந்தியாவில் வெளியானபோது விலை ரூ.7,499. ஓட்டத்துக்கென்றே செய்தவற்றுள் 2021-இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55, ஐந்து பொத்தான்களோடு 37 கிராம் எடையுள்ளது. ஜி.பி.எஸ். போட்டால் 20 மணி நேரம் உழைக்கும். வெளியானபோது ஏறத்தாழ 21,000 ரூபாய். 2023-இல் வந்த கோரோஸ் பேஸ் 3 நைலான் பட்டையுடன் 30 கிராம் மட்டுமே. இரட்டை அலைவரிசையும் உண்டு. புதிய வகை வந்ததும் பழைய வகையின் விலை இறங்குவது வழக்கம். ஈராண்டுக்கு முந்திய வகையை வாங்குவதில் குறைவேதும் இல்லை. ஆனால் உத்தரவாதச் சீட்டும் ரசீதும் கேட்டு வாங்க வேண்டும்.

எட்டுப் பேரும் தனித்தனியே வாங்குவது எங்களால் ஆகாது. ஆகவும் வேண்டியதில்லை. பள்ளிச் சந்தையில் சுண்டலும் மோரும் விற்றுச் சேர்த்த பணத்தோடு எங்கள் சேமிப்பையும் போட்டு, எட்டாயிரம் ரூபாய்க்குள் ஒரே கடிகாரம் வாங்கினோம். குழுவாக ஓடும்போது ஒருத்தி கட்டிக்கொண்டால் எட்டுப் பேருக்கும் தூரம் தெரியும். தனியே ஓட விரும்புவோர்க்கு முறை வைத்தோம். கடிகாரத்தோடு ஒரு குறிப்பேடும் உண்டு. நாள், தூரம், நேரம், மணலா சாலையா என்பதை எழுதுகிறோம். கடிகாரம் பழுதானாலும் குறிப்பேடு நிற்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

ஓடிய பாதையைக் கடிகாரம் வரைந்து வைக்கிறது. அதைச் செயலியில் எல்லோர்க்கும் தெரியும்படி விட்டால், ஒரு பெண் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் ஓடுகிறாள், எந்த வீட்டில் தொடங்கி எங்கே முடிக்கிறாள் என்பதை அறியாதவர்களும் அறிவார்கள். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்னும் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் படைவீரர்கள் ஓடிய தடங்கள் ஒளிர்ந்து, மறைவான படைத் தளங்களே வெளிப்பட்டுவிட்டன. படைத் தளத்துக்கே அந்த நிலை என்றால் நம் வீடு எம்மாத்திரம்? ஆகவே கணக்கு பெற்றோர் அல்லது ஆசிரியை பெயரில் இருக்கட்டும். 'பிறர் பார்க்கலாம்' என்பதை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். ஓட்டத்தை வீட்டு வாசலில் தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்குவதும் நல்லது.

முடிவுரை

இவ்வாண்டுப் போட்டிக்கு முதல் நாள், எங்கள் தோழி குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எனக்கு 13 நிமிஷம் ஆகும். அஞ்சு நொடி முன்னப் பின்ன இருக்கலாம்" என்று சொன்னாள். ஓடி முடித்த நேரம் 13 நிமிடம் 5 நொடி. ஐந்தாம் இடம். பதக்கம் இல்லை. ஆனால் சென்ற ஆண்டைப் போல அவள் அழவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டுக்கு எத்தனை நொடி குறைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. பொய்யான பன்னிரண்டைவிட மெய்யான பதின்மூன்று மேலானது என்பதை நாங்கள் அன்று உணர்ந்தோம்.

பழைய கடிகாரம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அதை அவள் அம்மா கட்டிக்கொண்டிருக்கிறார். விடியுமுன் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும்போது அதில்தான் மணி பார்க்கிறார். "கடிகாரம் பொய் சொல்லுமா?" என்ற அவர் கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: தனக்குத் தெரிந்ததைக் கேட்டால் கடிகாரம் மெய்யே சொல்லும், தெரியாததைக் கேட்டால் மதிப்புப் போட்டுச் சொல்லும். அதற்கு என்ன தெரியும் என்பதைக் காசு கொடுக்குமுன் அறிந்துகொள்வது நம் கடமை.

ஆகவே தோழியரே, அளந்து வாங்குங்கள். வாங்கியதையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பிறகு அச்சமின்றி ஓடுங்கள்!